ரைட்டு என்னைப் பார்த்துக் குரைத்தது

நரம்பு வார்டில் பக்கத்துக் கட்டில்காரர், "உங்களுக்கு இது எப்பண்ணே ஆரம்பிச்சுச்சு?" என்று கேட்டார். "எங்க வீட்டு நாய் என்னையப் பாத்துக் குலைச்ச அன்னைக்கு" என்று சொன்னேன். அவர் என்னை நாய்க்கடி கேஸ் என்று எண்ணி, என் பக்கம் நீட்டியிருந்த காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். அதிலிருந்து யார் கேட்டாலும் கொஞ்சம் முன்னாலிருந்தே தொடங்குகிறேன்.

நான் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். ஆரப்பாளையத்தில் எடுத்து, செக்கானூரணி, உசிலம்பட்டி வழியாக எழுமலை போய்த் திரும்பும் வண்டி. வீடு விளாங்குடியில். மகளைத் தேனியில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நானும் என் மனைவி செல்வியும் நாயும்தான். நாய்க்கு 'ரைட்டு' என்று பெயர் வைத்தது எங்கள் டிரைவர் பாண்டி அண்ணன். குட்டியில் நான் விசிலடித்தால்தான் அது இடத்தைவிட்டு நகரும். செவலை நிறத்தில் நாட்டு நாய். ஒரு காது நிற்கும், ஒரு காது தொங்கும்.

ரைட்டு குட்டியாக இருந்தபோது பிராந்திக் கடைப் பக்கம் எவனோ ஒருவன் குடித்துவிட்டு அதை எத்திவிட்டான். அன்றிலிருந்து தள்ளாடிக்கொண்டு எவன் தெருவுக்குள் நுழைந்தாலும் அது விடாது. நிதானமாக வருகிறவனைத் தலைதூக்கிக்கூடப் பார்க்காது. எங்கள் தெருப் பெண்களுக்கு இது பெரிய வசதி. சாயங்காலம் அடுப்படியில் நின்றபடியே, யார் வீட்டுக்காரர் என்ன நிலைமையில் வருகிறார் என்று தெரிந்துகொள்வார்கள். "ரைட்டு குலைச்சிருச்சு. இந்தா வாராரு எங்க மகராசன்" என்று எதிர் வீட்டு சரசு அக்கா சொல்லிக்கொண்டே சோற்றுச் சட்டியை மூடும். அவர் வீட்டுக்காரர் கணேசன், பெயின்டர். தினமும் குரைப்பு வாங்குகிற ஆள். ஒருநாள் பிஸ்கட் வாங்கிவந்து லஞ்சம் கொடுத்துப் பார்த்தார். ரைட்டு பிஸ்கட்டையும் தின்றுவிட்டு, குரைக்கவும் செய்தது.

செல்விக்கு அந்த நாய்மேல் அப்படி ஒரு நம்பிக்கை. அவள் அப்பா எழுமலையில் இருந்த நிலத்தையெல்லாம் குடித்தே தீர்த்தவர். நான் பெண் பார்க்கப் போன அன்று காபியைக் கொடுத்துவிட்டு, சபையில் எல்லார் முன்னாலும், "குடிப்பீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "என்னைக்காச்சும் குடிச்சா அன்னைக்கே கெளம்பிருவேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். மகளுக்கே கல்யாணம் முடிந்துவிட்டது, அந்தப் பேச்சை மட்டும் அவள் வாபஸ் வாங்கவே இல்லை.

எனக்கு முதலில் போனது விசில். காலை டிரிப்பில் ஊதினால் காது கிழியும். சாயங்கால டிரிப்பில் ஊதினால் காற்று கன்னத்தில் நிற்காமல் வாயோரமாகப் பீறிக்கொண்டு போகும். "என்ன மாப்ள, விசிலுக்குச் சளி புடிச்சிருக்கா?" என்று பாண்டி அண்ணன் கேலி செய்தார். புது விசில் வாங்கினேன், அதுவும் அப்படித்தான். அடுத்தது தாடை. புரோட்டா தின்ன உட்கார்ந்தால் பாதியில் மெல்ல முடியாமல் நின்றுபோகும். கையால் தாடையைத் தாங்கிப்பிடித்து மிச்சத்தைத் தின்பேன். அப்புறம் கண். திரும்பி வரும்போது செக்கானூரணியில் ஒரு அம்மா நீட்டிய பத்து ரூபாய் இரண்டாகத் தெரிந்தது. நான் இல்லாத நோட்டைப் பிடிக்கக் கையை நீட்டினேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்துகொண்டது.

தூங்கி எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும். அதுதான் பெரிய குழப்பம். காலையில் டாக்டரிடம் போனால் எனக்கு ஒன்றுமே இருக்காது. "ராத்திரி நல்லாத் தூங்குங்க" என்று ஒருவர் சத்து மாத்திரை கொடுத்தார். கண்ணாடிக் கடையில் கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்டதும் இரண்டு நோட்டும் பளிச்சென்று தெரிந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டு விளாங்குடிக்கு வந்து இறங்கினேன். இமை இரண்டும் தொங்குகின்றன, கழுத்து நிற்கவில்லை, கால் ஒரு பக்கமாக இழுக்கிறது. தெருமுனையில் இரண்டு ரைட்டு நின்றன. இரண்டும் என்னைப் பார்த்துக் குரைத்தன.

"ஏய், நாந்தான்டா" என்று சொன்னேன். சொன்னது எனக்கே விளங்கவில்லை. மூக்கில் ஏதோ முனகல்தான் வந்தது. அதைக் கேட்டதும் ரைட்டு பல்லைக் காட்டிக்கொண்டு இன்னும் இரண்டு எட்டு முன்னால் வந்தது. சரசு அக்கா வாசலுக்கு வந்து, "எங்க ஆளுதான் அப்பவே வந்து படுத்துருச்சே, பெறகு இது யாரப் பாத்துக் குலைக்குது?" என்று எட்டிப் பார்த்தது. என்னைப் பார்த்ததும் மறுபேச்சு இல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

செல்வி வாசலில் நின்றாள். "ஊதுங்க" என்றாள்.

ஊதினேன். எங்கே ஊதுவது? காற்றுதான் வாயில் நிற்காதே.

"ஒழுங்கா ஊத மாட்டேங்கிறீங்க. மறைக்கிறீங்க."

"இல்ல செல்வி, அசதி."

"அசதிக்கு நாக்கு குழறுமா? ரைட்டு என்னைக்காச்சும் அசதியப் பாத்துக் குலைச்சிருக்கா? மனுசன் பொய் சொல்லுவான், நாய் பொய் சொல்லுமா?"

மறுநாள் காலையில் எழுந்து திண்டுக்கல் ரோட்டு வரைக்கும் நடந்தேன். அதே ரைட்டு வாலைச் சுழற்றிக்கொண்டு கூடவே ஓடிவந்தது. சாயங்காலம் மறுபடி குரைத்தது. அந்தப் பாவமும் என்ன செய்யும்? காலையில் போகிறவன் அதன் எஜமான். சாயங்காலம் வருகிறவன் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு நடை, வேறு குரலில் வருகிறான். நானே குழம்பிப்போனேன். உசிலம்பட்டி டீக்கடையில் எவனாவது டீயில் எதையாவது கலக்கிக் கொடுக்கிறானோ என்று சந்தேகப்பட்டு, அங்கே டீ குடிப்பதையே நிறுத்தினேன். அப்படியும் சாயங்காலமானால் இமை இறங்கியது.

வாயில் வாடை எதுவும் வராததால் செல்வி கிளம்பவும் இல்லை, என்னை நம்பவும் இல்லை; இப்படியே சில வாரம் போயிற்று. ஒருநாள் இறங்கும் இடத்திலிருந்து தெரு வரைக்கும்கூட நடக்க முடியாமல் வழியில் வாய்க்கால் பாலத்தின் கட்டைச்சுவரில் உட்கார்ந்துவிட்டேன். ரைட்டு தூரத்தில் நின்று குரைத்தது. நான் பேசவில்லை. பேசினால் இன்னும் குரைக்கும் என்று தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. முன்னங்கால் இரண்டையும் என் தொடையில் வைத்து, என் வாயில் மூக்கை வைத்து மோந்தது. செல்வி ஊதச் சொல்லி மோப்பாளே, அதே மாதிரி. ஆனால் இது அவசரப்படவில்லை. உதட்டோரம், தாடை, கழுத்து என்று எல்லாம் மோந்தது. பிறகு இறங்கி என் காலடியில் படுத்துக்கொண்டது.

நான் எழுந்ததும் அதுவும் எழுந்தது. நாலு எட்டு முன்னால் போய் நின்று திரும்பிப் பார்த்தது. நான் போய்ச் சேர்ந்ததும் மறுபடி நாலு எட்டு. இப்படியே வீடு வரைக்கும். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இந்த உலகத்தில் ஒரு ஜீவனாவது என்னை நம்பிவிட்டது.

செல்வி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் இது குலைக்கல?"

"நான் குடிக்கலன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு" என்று எப்படியோ சொல்லிமுடித்தேன்.

"அப்ப நேத்துக் குலைச்சுச்சே?"

"நேத்தும் குடிக்கல."

"அது நேத்து ஒண்ணு சொல்லுது, இன்னைக்கு ஒண்ணு சொல்லுது. நான் எதத்தான் நம்புறது?" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். அப்பாவைப் பற்றி அவளுக்கு ஒருநாளும் குழப்பம் இருந்ததில்லை. நான்தான் அவளைப் பாடாய்ப் படுத்தினேன்.

கடைசியில் செக்கர்தான் முடித்துவைத்தார். சாயங்கால டிரிப்பில் ஏறியவர் என் கண்ணைப் பார்த்தார், பேச்சைக் கேட்டார், அவ்வளவுதான். "டூட்டில தண்ணியாய்யா?" என்று பயணிகள் முன்னாலேயே பையைப் பிடுங்கிக்கொண்டார். "சார், இவன் பாக்குகூடப் போடமாட்டான் சார்" என்று பாண்டி அண்ணன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து சண்டை போட்டார். ஒன்றும் எடுபடவில்லை. மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லியனுப்பினார்.

செல்வி அழவில்லை. பெட்டியை எடுத்து வைத்தாள். "ஞாயித்துக்கெழம எங்கண்ணன் வாரான்" என்று மட்டும் சொன்னாள். எனக்கு வேலை போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு சொட்டு வாயில் படாமல் பெண்டாட்டியைக் குடிக்குத் தோற்றவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரசச்சோறுதான் போட்டாள். விழுங்கினேன். சோறு உள்ளே போகாமல் ரசம் மூக்கு வழியாக வந்தது. மூச்சு முட்டியது. தட்டில் தலை கவிழ்ந்தது. ரைட்டு ஓடிவந்து மறுபடி என் வாயை மோந்துவிட்டு, செல்வியைப் பார்த்து ஊளையிட்டது. அவள் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு, சரசு அக்காவைக் கூப்பிட்டு ஆட்டோ பிடித்தாள்.

ஆஸ்பத்திரியிலும் முதல் வேலையாக என் வாயைத்தான் மோந்தார்கள். செல்வி முந்திக்கொண்டு, "வாசம் வராது சார், நானும் பாத்துட்டேன்" என்றாள். எனக்குப் பரிந்து பேசினாளா, காட்டிக்கொடுத்தாளா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே தொண்டை நன்றாக இருந்தது. கண் பிரிவில் கண் நன்றாக இருந்தது. பெஞ்சுக்குப் பெஞ்சு மாறி உட்கார்ந்து, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, காலையில் கூப்பிட்டால் தெளிவாகப் பேசுவேன். "வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா? மனசுல கவலையா?" என்று கேட்டார்கள். கவலை இல்லாமல் என்ன? வெள்ளி, சனி போய் ஞாயிறும் வந்தது. செல்வியின் அண்ணன் ஆஸ்பத்திரிக்கே வந்து நின்றான். "இருண்ணே, என்னன்னு பாத்துட்டு வாரேன்" என்றாள். பார்த்துவிட்டு அவனோடு கிளம்பிவிடுவாள் என்றுதான் அந்த 'வாரேன்' எனக்குக் கேட்டது.

திங்கட்கிழமை நரம்புப் பிரிவுக்கு அனுப்பினார்கள், அங்கே ஒரு டாக்டரம்மா. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "காலைல நல்லா இருக்கும், சாயங்காலம் மோசமாகும். அப்படித்தானே?" என்றார். அதை முதன்முதலாக வேறொருவர் வாயிலிருந்து கேட்டபோது எழுந்து கும்பிடத் தோன்றியது. "அப்ப இப்பப் பாக்க வேணாம். மூணு மணிக்கு மேல வாங்க" என்றார்.

போனோம். ஒன்றிலிருந்து ஐம்பது வரை சத்தமாக எண்ணச் சொன்னார். டிக்கெட் எண்ணிப் பழகிய வாய், இது என்ன பிரமாதம் என்று ஆரம்பித்தேன். இருபதைத் தாண்டியதும் குரல் மூக்குக்குள் போனது. முப்பதில் என்ன எண்ணுகிறேன் என்று யாருக்கும் விளங்கவில்லை. அண்ணாந்து விட்டத்தைப் பார்க்கச் சொன்னார். பார்க்கப் பார்க்க இமைகள் கடை ஷட்டர் மாதிரி தானாக இறங்கின. "ஒரு ஊசி போடுறேன். கூட இருக்கவங்க முகத்தையே பாத்துட்டு இருங்க" என்று செல்வியிடம் சொன்னார்.

ஒரு காபி வாங்கிக் குடிக்கிற நேரம் ஆகியிருக்கும். என் இமை மேலே ஏறியது. இரண்டு செல்வி ஒரு செல்வி ஆனாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். "எண்ணுங்க" என்றார் டாக்டரம்மா. ஐம்பது வரை கணீரென்று எண்ணினேன். பக்கத்து அறை நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"நீங்க குடிக்கலையா?" என்றாள் செல்வி.

"இல்ல."

"ஒரு தடவகூட?"

"இல்லடி."

அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "எங்கப்பனப் பாத்த கண்ணு, எல்லாரையும் அப்படியே பாத்துருச்சுங்க" என்றாள். வெளியில் நின்ற அவள் அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் செத்துவிட்டேன் என்று நினைத்து அவனும் அழ ஆரம்பித்தான்.

நோயின் பெயர் மயஸ்தீனியா கிராவிஸ். நான் கண்டக்டர் என்று தெரிந்ததும் டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். "நரம்பு கண்டக்டர், தசை டிரைவர்னு வச்சுக்கங்க. கண்டக்டர் ஒழுங்கா விசில் ஊதுறாரு. ஆனா டிரைவர் காதுல பஞ்சு அடைச்சிருக்கு. ரெண்டு மூணு தடவ கேக்கும், பெறகு கேக்காது. அந்தப் பஞ்ச அடைக்கிறது வேற யாருமில்ல, நோய எதுக்குறதுக்குன்னு உங்க ரத்தத்துல இருக்க சக்திதான். ஆள் தெரியாம உங்களையே எதுக்குது." வீட்டு நாய் வீட்டுக்காரனைப் பார்த்துக் குரைக்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். தீருமா என்று கேட்டேன். "தீராது. ஆனா மாத்திரையால அடக்கி வைக்கலாம். வேளை தவறக் கூடாது" என்றார்.

பேர் தெரிந்தால் பாதி பயம் போகும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தால் முதலில் நோய் கொஞ்சம் அதிகமாகும் என்று சொல்லியிருந்தார்கள். கொஞ்சம் என்றால் இப்படியா? நெஞ்சு தூக்கவில்லை. மூச்சு விடுவதும் தசை செய்கிற வேலை என்று அன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. தொண்டையில் குழாய் போட்டு மிஷினோடு சேர்த்துவிட்டார்கள். எனக்கு எல்லாம் கேட்கும், இமையைத் திறக்க மட்டும் முடியாது. காலையா, சாயங்காலமா, ஒரு நாளா, ஒரு மாதமா, எதுவும் தெரியவில்லை. நான் இருக்கிறேனா என்பதிலேயே எனக்குக் குழப்பம் இருந்தது.

செல்வி உள்ளே விடுகிற நேரத்துக்கு வந்து என் காதில் பேசுவாள். மாத்திரை வெளியில் வாங்க வேண்டியிருந்ததையோ, அதற்காகப் பாண்டி அண்ணன் ஆள் ஆளாகப் போய்ப் பணம் கேட்டதையோ அப்போது சொல்லவில்லை. ரைட்டைப் பற்றித்தான் சொல்லுவாள். "எங்கிட்டயும் வந்து வாய மோந்து பாக்குதுங்க. சரசக்கா வாயவும் மோக்குது. தெருவுல ஒருத்தர விட மாட்டேங்குது. கொரோனாவுக்கு டெஸ்ட் எடுத்தாங்களே, அந்த மாதிரி..." என்று சொல்லிக்கொண்டிருந்தவளை நர்ஸ் வெளியே அனுப்பிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. முகம் அசையவில்லை. சிரிப்பதற்கும் தசை வேண்டியிருக்கிறது.

பிழைத்து வந்தேன். வீங்கின முகம், கரகரத்த குரல், கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒரு தடித்த ஆள். ஆட்டோவில் இருந்து இறங்கியதும் ரைட்டு ஒரு தடவை உறுமியது. செல்வி பதறிப்போனாள். நான் குனிந்து வாயைக் காட்டினேன். மோந்தது. அவ்வளவுதான், வால் ஆட ஆரம்பித்துவிட்டது.

அதற்குப் பிறகு அது வேறு நாய். மேலே பாய்வதை விட்டுவிட்டது. பாய்ந்தால் நான் விழுந்துவிடுவேன் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் என்னோடு ஓடும். என் வேகம் இறங்கினால், அதே நாலு எட்டு, நின்று திரும்பிப் பார்ப்பது. விசில் அடிக்க முடியாததால் விரலைச் சொடுக்கப் பழகினேன். அதற்கும் வரப் பழகியது. பாண்டி அண்ணன் டாக்டரம்மாவின் சர்டிபிகேட்டோடு முதலாளியைப் போய்ப் பார்த்ததில், பஸ் ஸ்டாண்டில் நேரம் குறிக்கிற வேலை, உட்கார்ந்தபடியே, மத்தியானம் வரைக்கும் கிடைத்தது.

ஆனால் தெருவில் ஒரு சிக்கல் வந்தது. ரைட்டு குடிகாரர்களைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்திவிட்டது. தள்ளாடிக்கொண்டு எவன் வந்தாலும் கிட்டே போய் மோக்கிறது. பிறகு நாலு எட்டு முன்னால் நடந்து, நின்று, திரும்பிப் பார்த்து, அவனவன் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறது. கணேசனுக்கு ஒரே கொண்டாட்டம். சரசு அக்காதான் சண்டைக்கு வந்தது. "நல்லா இருந்த நாயக் கெடுத்துப்புட்டீகளே! இனி இந்த மனுசன் எப்ப வாராரு, எப்படி வாராருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஒருநாள் சாயங்காலம் நானும் செல்வியும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். கணேசன் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் சொருகியிருந்தது. ரைட்டு அவர் காலடியில் படுத்து எங்களையே பார்த்தது. செல்வி எழுந்து போனாள். குடித்தவன் இருக்கிற பக்கம் அவள் போய் நான் பார்த்ததே இல்லை.

"அண்ணே, அண்ணாந்து பாருங்க" என்றாள். கணேசன் பயந்துபோய் அண்ணாந்து பார்த்தார். "ஒண்ணுலருந்து அம்பது வர எண்ணுங்க."

கணேசன் எண்ணினார். வாடை எனக்கே வந்தது. ஆனால் குரல் இறங்கவில்லை, இமை விழவில்லை. ஐம்பதைத் தாண்டி எண்பது, தொண்ணூறு என்று நிறுத்தாமல் போய்க்கொண்டிருந்தார். "போதும்ணே, வீட்டுக்குப் போங்க" என்றாள். ரைட்டு எழுந்து அவருக்கு முன்னால் நடந்தது.

செல்வி திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இவரு குடிச்சவருதான்" என்றாள். நான் தலையாட்டினேன்.

"எங்கப்பாவையும் ஒரு தடவ எண்ணச் சொல்லிப் பாத்திருக்கலாம்" என்றாள்.

அவள் அப்பா குடித்தவர்தான். ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.